சாமியின் எடை

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் கொம்பையாவைத் தெரியாதவர்கள் குறைவு. சனிக்கிழமை காலையில், வெள்ளாடும் செம்மறியுமாகப் புழுதி கிளம்பும் அந்த இடத்தில், அவர் ஒரு கிடாயின் நெஞ்சுக்கடியில் ஒரு கையும் பின்தொடைக்கடியில் ஒரு கையும் கொடுத்துத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்குவார். ஒரு மூச்சு நேரம் வைத்திருப்பார். இறக்கிவிட்டு, "கறி பதினொண்ணரை நிக்கும்" என்பார். அறுத்து நிறுத்துப் பார்த்தவர்கள் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் கண்டதில்லை.

வயது அறுபத்தொன்று. குட்டையான, அகலமான ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆடு வாங்கி எட்டயபுரத்திலும் கோவில்பட்டியிலும் விற்பது தொழில். கை பழகிப்போனதால் எதைக் கண்டாலும் தூக்கிப் பார்க்கிற குணம் வந்துவிட்டது. சிமெண்ட் மூட்டை, கேஸ் சிலிண்டர், கல்யாண வீட்டில் கைமாறும் குழந்தை, எதுவும் தப்பாது. ஊர் அங்கன்வாடியில் எடை மெஷின் பழுதாகிக் கிடந்த இரண்டு மாதமும் ரேணுகாதேவி டீச்சர் பிள்ளைகளை அவரிடம்தான் வரிசையாகக் கூட்டி வந்தார்.

அவருடைய மனைவி கோமதியம்மாள் இதை வேறு மாதிரி சொல்வார். "கல்யாணத்தன்னைக்கு என்னையப் பாத்ததுமே நாப்பத்தாறு கிலோன்னாவ. இப்ப எத்தனன்னு கேட்டா மட்டும் ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எந்திரிச்சுப் போயிருவாவ."

எட்டயபுரத்திலிருந்து புதூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது அவர்களுடைய ஊரான ஊசிப்பொட்டல். அங்கே கொம்பையாவுக்கு இன்னொரு வேலை உண்டு. அறுவடை முடிந்து பங்குனியில் ஒத்தப்பனை மாடசாமிக்குக் கொடைத் திருவிழா நடக்கும்போது, சாமியாடியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது அவர்தான். சாமி வந்து ஆடுகிறவருக்குப் பந்தக்கால் தெரியாது, பொங்கல் அடுப்பு தெரியாது. கையில் வல்லயம் என்னும் ஆளுயர ஈட்டி வேறு இருக்கும். நினைவு தப்பாத ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்ற வேண்டும். இருபத்தேழு வருடமாக அந்த ஒருவர் கொம்பையா. அவருக்கு ஏன் ஒருமுறைகூடச் சாமி வரவில்லை என்று கேட்டால், "எனக்கு வந்துட்டா யாரு புடிக்கிறது?" என்பார்.

இந்த ஊர்க் கொடையில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிப்பொழுதில் சாமி வந்ததும் மேளம் ஒரு கணம் தாழும். பிடித்திருப்பவர் சாமியாடியை இடுப்போடு சேர்த்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்க வேண்டும். கூட்டம், "கனமா?" என்று கேட்கும். "மலைக்கனம்!" என்று அவர் சொல்ல வேண்டும். தெய்வம் ஏறிய உடம்பு மலையாகக் கனக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. அந்தச் சொல் விழுந்த பிறகுதான் குலவை, திருநீறு, அருள்வாக்கு எல்லாம்.

முதல் வருடம் கொம்பையா பயந்துகொண்டேதான் போனார். ஆடியவர் மாடக்கண்ணு, அவருக்குப் பங்காளி முறையில் அண்ணன். மலையைத் தூக்கப் போகிறோம் என்று மூச்சை அடக்கி, காலை ஊன்றி, பலம் முழுவதும் சேர்த்து இழுத்தார். மாடக்கண்ணு பூப்போல மேலே வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் பந்தலில் தலை இடித்திருக்கும். அறுபத்தெட்டு கிலோ; கை சொல்லிவிட்டது. முந்தின வாரம் கிணற்றடியில் விளையாட்டாகத் தூக்கிப் பார்த்தபோதும் அதே அறுபத்தெட்டு. "கனமா?" என்றது கூட்டம். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "மலைக்கனம்!" என்றார்.

அதன்பிறகு வருடா வருடம் அதே பதில். ஒரே ஒரு வருடம் மட்டும் தூக்கி இறக்கியதும் மாடக்கண்ணுவின் காதருகில் குனிந்து, "அண்ணே, போன வருசத்துக்கு ஆறு கிலோ கொறைவு. நாளைக்கே போயி சுகர் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து "மலைக்கனம்!" என்று கத்தினார். மறுநாள் பார்த்தார்கள். சுகர் முந்நூற்றுப் பத்து.

ஊர் நினைப்பதற்கும் கை சொல்வதற்கும் நடுவில் இப்படி இருபத்தேழு வருடம் அவர் வாழ்ந்தார். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் பெரிதாக இல்லை. ஒரு மரியாதைக்குச் சொல்வதாக வைத்துக்கொண்டார். ஆனால் யோசிக்காமலும் இல்லை. ஆடும்போது மாடக்கண்ணு வேறு ஆள் என்பதை அவரைவிட நெருக்கமாகப் பார்த்தவர் கிடையாது. வெயிலில் பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிற மனிதர், அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் நின்று ஆடுவார். பார்வை மாறும், குரல் மாறும். அது நடிப்பில்லை, நடிப்பு இடுப்பில் தெரிந்துவிடும். அப்படியானால் ஏதோ வருகிறது. வந்து ஏறுகிற எதற்கும் எடை இருக்க வேண்டுமே? கோமதியம்மாளிடம் ஒருமுறை இதைச் சொன்னார். "காத்துக்கு எடை இருக்கா?" என்று அந்த அம்மாள் கேட்டார். "டியூப்ல அடைச்சாக் கொஞ்சம் இருக்கும்ட்டி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் யோசித்தார்.

அவருடைய இந்த யோசனை, நான் எப்போதோ படித்த ஒரு புத்தகத்தை எனக்கு நினைவூட்டியது. நூற்றிருபது வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கிலேயர் எகிப்தில் தொடங்கிவைத்த தெலீமா என்னும் சமயநெறிக்குச் சிறிய வேதம் ஒன்று உண்டு. மனிதருக்கு வெளியே தெய்வத்தைத் தேட வேண்டியதில்லை, ஆணோ பெண்ணோ ஒவ்வொருவரும் தமக்குரிய பாதையில் செல்லும் ஒளி, தம் உள்ளார்ந்த விருப்பத்தைக் கண்டு அதன்படி நடப்பதே அறம் என்ற போக்கில் அந்த நெறி பேசுகிறது. படித்தபோது அதன் உரத்த குரல் எனக்குப் பிடிக்கவில்லை. தன்னைத் தெய்வம் என்று சொல்லிக்கொள்வது எளிது. பக்கத்து வீட்டுக்காரரையும் அப்படியே ஒப்புக்கொள்வதுதான் கடினம். அந்த இடத்தை அது அவசரமாகக் கடந்துவிடுவதாகப் பட்டது. இந்த வருடக் கொடையெல்லாம் முடிந்தபின் ஒரு டீக்கடையில் வைத்துக் கொம்பையாவிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொன்னவரு யாரையாச்சும் தூக்கிப் பாத்திருக்காரா?" என்றார். தெரியவில்லை என்றேன். "பாத்திருந்தா இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருப்பாரு."

அந்தக் கொடையில் நடந்ததுதான் சொல்ல வேண்டியது.

மாடக்கண்ணுவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கலாம், குதிக்கக் கூடாது என்றார் டாக்டர். சென்ற வருடம் திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் சக்திகுமாரை வரவழைத்துப் பந்தலில் நிறுத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் மேளக்காரர்கள் அடித்தார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடைசியில், "எனக்குச் சாமி வரல சித்தப்பா. பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், தூக்கம்தான் வருது" என்று கொம்பையாவிடம் சொன்னான். மேளக்காரர்களுக்குக் கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

இந்த வருடம் கொடைக்கு ஒரு வாரம் முன்பு, வெள்ளிக்கிழமை, பந்தலுக்குக் கால்நாட்டினார்கள். சும்மா சம்பிரதாயத்துக்கு அடித்த மேளம்தான். பெண்கள் பக்கத்திலிருந்து மாடக்கண்ணுவின் மகள் பொன்மணி எழுந்து வந்தாள். முப்பத்தாறு வயது, கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஆடினாள். கொம்பையா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

கோயில் தலைவர் குருசாமிக்கு இது பிடிக்கவில்லை. அறுபது ஏக்கர் கரிசலும் மூன்று தலைமுறைத் தலைமையும் உள்ளவர். "மாடன் ஆம்பளச் சாமி. பொம்பளப் புள்ள மேல வந்ததா இந்தக் கோயில்ல வரலாறு இல்ல" என்றார். மாடக்கண்ணு, "வந்தத வரலன்னு நீரு எப்படிவே சொல்லுவீரு?" என்று கம்பை ஊன்றி எழுந்தார். சத்தம் ஏறியது. கடைசியில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொடையன்று உச்சியில் பொன்மணி ஆடட்டும், கொம்பையா வழக்கம்போல் தூக்கட்டும். கனம் என்றால் இனி அவள்தான் சாமியாடி. கனமில்லை என்றால் கொடை சாமியாடி இல்லாமல் நடக்கும். பொன்மணி இனிப் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது.

எல்லாருக்கும் நிம்மதி, கொம்பையாவைத் தவிர.

மறுநாள் சந்தையில் குருசாமி வந்து நின்றார். ஆடு வாங்க வந்தவர் மாதிரி ஒரு கிடாயின் காதைத் தடவிக்கொண்டே பேசினார்.

"கை எப்படி இருக்கு கொம்பையா?"

"கைக்கென்ன அண்ணாச்சி, தோள்ல இருந்து தொங்குது."

"வெள்ளிக்கெழம உள்ளதச் சொல்லிரு. அவ மாடக்கண்ணு மவ, ஒனக்கும் மவ முறைன்னு பாக்காத. ஒன் கை பொய் சொல்லாதுன்னு ஊருக்கே தெரியும்."

"உள்ளதையா அண்ணாச்சி?"

"உள்ளத மட்டுந்தான்."

இருபத்தேழு வருடத்தில் அவரிடம் உண்மையைக் கேட்ட முதல் ஆள் குருசாமி. அதுதான் கொம்பையாவைக் கலக்கியது.

சாயங்காலம் மாடக்கண்ணு கூப்பிட்டு அனுப்பினார். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "ஏலே, புதுசா ஒண்ணும் வேண்டாம். எனக்கு என்ன சொன்னியோ அதையே அவளுக்கும் சொல்லிரு." கொம்பையா தலையை ஆட்டினார். அண்ணன் முகத்தைப் பார்த்து, உங்களுக்கும் அது வெறும் சொல்தான் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் கோமதியம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். "ஒருத்தரு உள்ளதச் சொல்லுங்காரு, ஒருத்தரு வழக்கத்தச் சொல்லுங்காரு. ஆடப்போற புள்ளட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?"

கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை கோவில்பட்டியில் பஸ் இறங்கி லேபுக்குப் போனார். பொன்மணி ஒருவருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "என்ன சித்தப்பா, வெறும் வயித்துல வந்திருக்கீயளா?" என்றாள்.

"ரெண்டு இட்லி தின்னுட்டேன். நான் டெஸ்ட்டுக்கு வரல. ஒன்னட்ட ஒண்ணு கேக்கணும்."

ஊசி குத்திக்கொண்டவர் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியேறும்வரை காத்திருந்தார். "ஒனக்கு ஆடணும்னு இருக்காம்மா?"

அவள் கையுறையைக் கழற்றிப் போட்டாள். "சின்னப்புள்ளையில இருந்தே மேளம் கேட்டா உள்ள ஒண்ணு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரும். அம்மா கையப் புடிச்சு அமுக்கிருவா. அன்னைக்கு அம்மா ஊர்ல இல்ல. அமுக்க ஆளில்ல." சிரித்தாள். "கூச்சமாத்தான் இருக்கு. ஆனா ஆடணும்னு இருக்கு. கனமில்லன்னு ஆயிட்டா, இனிமே மேளம் கேட்டா வீட்டுக்குள்ள கதவப் பூட்டிக்கிட்டு இருக்கணும். அத நெனச்சாத்தான் என்னமோ மாதிரி இருக்கு."

"சரி" என்று எழுந்தார்.

"சித்தப்பா, எனக்காவ ஒண்ணும் கூட்டிச் சொல்லாதீய. நான் எடை, அளவுன்னே பொழைக்கிறவ. ரிப்போர்ட்ட மாத்தி எழுதுனா எனக்குப் புடிக்காது."

கொம்பையாவுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. வெயில் கரிசலில் நின்று எரிந்தது. அறுவடை முடிந்த காட்டில் வெடிப்புகள் கால் நுழையும் அளவுக்கு இருந்தன. வெளியூரிலிருந்து வந்தவர்களோடு சேர்த்துப் பந்தலில் நிற்க இடமில்லை. மாடக்கண்ணு முன்வரிசையில் நாற்காலியில். எதிரே குருசாமி, சட்டையில்லாமல், பட்டுத் துண்டோடு.

மேளம் ஏறியது. பொன்மணி மஞ்சள் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கால் விரல்கள் தரையைப் பற்றின. தோள் நடுங்கியது. கொம்பையா இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்தார். அவள் பந்தலை மூன்று முறை சுற்றினாள். வல்லயத்தை ஏந்தியபோது அவளுடைய அப்பா ஏந்துவதைவிட நேராக ஏந்தினாள். ஒரு சத்தம் கொடுத்தாள். பெண்கள் பக்கத்தில் கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தின.

மேளம் தாழ்ந்தது. கொம்பையா தூக்கினார். ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தார். இறக்கினார்.

"கனமா?"

கொம்பையா பிடியை விடாமல் குருசாமியைப் பார்த்தார்.

"கனமாவே?" என்றார் குருசாமி.

"அம்பத்தேழு கிலோ" என்றார் கொம்பையா.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். குருசாமி சிரிக்கவில்லை. "கூடலையா?"

"கூடல அண்ணாச்சி. அவ ஒடம்பு என்ன எடையோ அதான்."

"கேட்டுக்கிட்டீயளா? மேளத்த நிறுத்துங்கலே!"

"நிறுத்தாதீய" என்றார் கொம்பையா. அவர் பந்தலில் இவ்வளவு சத்தமாக, 'மலைக்கனம்' தவிர, வேறு எதுவும் சொன்னதில்லை. "உள்ளதச் சொல்லுன்னுதான கேட்டீய? முழுசாக் கேளுங்க. இவளுக்கும் கூடல. மாடக்கண்ணு அண்ணனுக்கும் ஒரு வருசங்கூடக் கூடல. இருபத்தேழு வருசமா மலைக்கனம்னு நான் சொன்னது ஒங்களுக்காகச் சொன்னது. கைக்குத் தெரிஞ்சது அதில்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மாடக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தார்.

"ஏலே கொம்பையா. அப்ப எனக்குச் சாமி வரலங்கியா?"

கொம்பையாவின் குரல் இறங்கியது. "வந்ததுக்கு நான்தானண்ணே சாட்சி. இடுப்புல கை வச்சவனுக்குத் தெரியாதா? வெளிய இருந்து வந்து ஏறியிருந்தா கனம் கூடியிருக்கணும். கூடல. அப்ப அது உள்ள இருந்ததுதான். இருந்தது எந்திரிச்சு நின்னுச்சு. இவளுக்கும் அதான் நிக்கி."

மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அப்படித்தான்லே இருக்கும். எவனும் வெளிய இருந்து வந்து கதவத் தட்டுனாப்ல ஒருநாளும் தெரிஞ்சதில்ல. உள்ள படுத்துக் கெடந்தவன் எந்திரிச்சாப்லதான் இருக்கும். நீதான் வருசா வருசம் மலைக்கனம், மலைக்கனம்னு கத்துவ. நமக்குத்தான் வெவரம் பத்தலையோன்னு நான் வாயத் தொறக்கல!"

"நீங்க சங்கடப்படுவீயளோன்னுல்லா நான் கத்துனேன்!"

பெண்கள் பக்கத்திலிருந்து வெயிலம்மாள், ஊரிலேயே பெரிய வாய், எழுபது வயது, எட்டிப் பார்த்துக் கேட்டாள். "அப்ப எனக்குள்ளயும் கெடக்கா கொழுந்தனாரே?"

"கெடக்கும் மைனி."

"எழுவது வருசமா எந்திரிக்கலையே, செத்துக்கித்துப் போச்சா?"

"ஒங்க பேச்சுக்குப் பயந்து படுத்துக் கெடக்கும்."

பந்தலே சிரித்தது. குருசாமி மட்டும் விடவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "எல்லாருக்குள்ளயும் இருக்கு, எடையும் ஒண்ணுதான்னா, சாமிக்கும் ஆளுக்கும் என்னதான் வித்தியாசம்?"

"எனக்கு எடைதான் அண்ணாச்சி தெரியும். அதுல வித்தியாசம் இல்ல. மத்தத நீங்களே பாருங்க" என்று பொன்மணி பக்கம் திரும்பினார்.

இத்தனை பேச்சிலும் அவள் அசையவில்லை. வல்லயத்தை ஊன்றி நின்றாள். மேளக்காரர்கள் நிறுத்தச் சொன்னதையும் கேட்கவில்லை, நிறுத்தாதே என்றதையும் கேட்கவில்லை. மெல்ல அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் நேராகக் குருசாமியிடம் வந்தாள். கொம்பையா பின்னாலேயே போனார். திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் வைத்தாள். குருசாமி குனியவில்லை. பின்வாங்கவும் இல்லை. வெயிலம்மாள்தான் முதல் குலவையை எடுத்தாள்.

அரை மணி நேரம் ஆடிய பிறகு சாமி மலையேறியது. பொன்மணியின் உடம்பு தளர, கொம்பையா தாங்கிப் பாயில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தூங்கி எழுந்தவள் போலச் சுற்றிலும் பார்த்தாள்.

"என்ன ரிப்போர்ட் குடுத்தீய சித்தப்பா?"

"அம்பத்தேழு."

"சரியாத்தான் இருக்கு. எல்லாரும் என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. வரிசையில நிக்காவ. எந்திரி, திருநீறு குடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பந்தக்காலிலிருந்து வேப்பமரம் வரை வரிசை நின்றது. முன்னால் வெயிலம்மாள். ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் குருசாமியின் மனைவியும், அவருக்குப் பின்னால், போனில் யாருடனோ பேசுகிற பாவனையில், குருசாமியும்.

"நான் எப்படிக் குடுக்கது? சாமிதான் போயிட்டுல்லா."

கொம்பையா அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"எங்க போச்சு? கனம் கொறையலையே" என்று சொல்லித் திருநீற்றுத் தட்டை அவள் கையில் கொடுத்தார்.